பிளெவின்ஸ் கட்டடத்தின் ஓரத்துச் சன்னல்

"என் தம்பியைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, லொரேன். கட்டடத்துக்குத் தீ வச்சது அவன்தான்னு ஊரே சொல்லுது."

மார்லிஸ் காபியைத் தொடவேயில்லை. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில், கடைத்தெரு முனையிலிருந்த பிளெவின்ஸ் செங்கல் கட்டடம் அவளுடைய கொள்ளுத்தாத்தா எழுப்பியது. கீழே அவளது துணிக்கடை. மாடியில் தம்பி கர்ட்டிஸ் குடியிருந்தான். தீயணைக்க ஏறிய ரேண்டி என்ற வீரர், உத்தரம் விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார். ஊர் கொதித்துப் போயிருந்தது.

"பார்த்தது யாரு?" என்று கேட்டாள் லொரேன் டீக். தீ விபத்துகளை ஆராயும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவள்.

"என் வீட்டுக்காரர் வெண்டல்தான். தெருவுல வரும்போது, மாடியில ஓரத்துச் சன்னல்ல கர்ட்டிஸ் நின்னானாம். உடனே புகை கிளம்பிச்சாம். கர்ட்டிஸ் ஒரு காலத்துல குடிச்சவன், அவன் பேச்சை யாரு நம்புவாங்க? ஆத்துல மீன் புடிச்சிட்டிருந்தேன்னு சத்தியம் பண்றான்."

"கட்டடத்துல ஏதாவது வேலை நடந்துச்சா?"

"சன்னலுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் புதுசா பெயிண்ட் அடிக்கறதா இருந்தார். இன்னும் ஆரம்பிக்கலையாம்."

லொரேனுடன் அவள் நண்பர் மில்ட்டும் கிளம்பினார். துப்பறிவதென்றால் தம் சலூனைப் பூட்டிவிட்டு ஓடிவருகிறவர். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர் கூவினார்:

"எல்லாச் சன்னலும் கரியா கெடக்கு. ஓரத்துல இருக்கறது மட்டும் பளபளன்னு நிக்குது! அதுக்கு மட்டும் அதிர்ஷ்டம்!"

லொரேன் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு சன்னல் சட்டம் வெளியிலிருந்து உள்நோக்கி எரிந்திருந்தது. பக்கத்துச் சட்டத்தில் பழைய பெயிண்ட் பாதி கொப்பளித்து, பாதி சுரண்டப்பட்டிருந்தது. பிறகு மாடியேறி, கருகிய அலமாரி ஒன்றை நகர்த்திப் பார்த்தாள். கீழே இறங்கியபோது அவள் முகம் இறுகியிருந்தது.

மறுநாள் புகை நாறும் துணிக்கடையில் தம்பதியையும் ஷெரீஃபையும் வரச்சொன்னாள்.

"கர்ட்டிஸ் எந்தச் சன்னல்ல நின்னான், வெண்டல்?"

"ஓரத்துச் சன்னல்தான். எட்டிப் பார்த்துட்டிருந்தான்."

"அங்க எலிகூட நிக்க முடியாதே. அலமாரிக்குப் பின்னாடி அதை எப்பவோ செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. தெருவுலேர்ந்து பார்க்க அழகா இருக்கட்டும்னு கண்ணாடியை மட்டும் விட்டிருக்காங்க. அதான் கரி படியலை."

"அப்போ... பக்கத்துச் சன்னலா இருக்கும்."

"சரி. பின்பக்கம் புதுசா அடிக்கறதுக்காகப் பழைய பெயிண்டை நெருப்புக் காட்டி உரிச்சது யாரு? வேலையே ஆரம்பிக்கலைன்னீங்களே?"

வெண்டல் துணிக்கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். "நான்தான். சட்டத்துக்குள்ள காய்ஞ்ச குருவிக்கூடு இருந்திருக்கு. குப்புன்னு புடிச்சிடுச்சு. ரேண்டிக்கு அடிபட்டுடுச்சுன்னு கேட்டதும் பயந்துட்டேன், மார்லிஸ்."

ஒருநாளும் கணவனை ஒருமையில் பேசாத மார்லிஸ் நிமிர்ந்தாள். "விபத்துன்னு சொல்லியிருந்தா ஊரே உன்னை மன்னிச்சிருக்கும். பழி போட என் தம்பிதான் கெடைச்சானா? நான் அழுதப்பல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தியே, அதுவும் நடிப்பா?"

மில்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லொரேன் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தம்பியை அழைத்துவர மார்லிஸ் தானே காரை ஓட்டிப் போனாள். சிறைவாசலில் கர்ட்டிஸ் அவளை நேராகப் பார்த்தான்.

"நீயும் நம்பினியா, அக்கா?"

"மொத நாள் நம்பினேன்டா."

அவன் கார்க் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.