இரண்டு புருவத்திலும் தழும்பு

கோந்த்வாவில் நான்காவது மாடி வீடு. வகுப்பு முடிந்து வந்த ஸ்ரீரஞ்சனி செருப்பைக் கழற்றும்போதே அம்மா வைஜயந்தி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“கேஷவ் வந்திருந்தான்டி. அவல்ல போஹா பண்றேன்னேன், அதுக்குள்ள போயிட்டான்.”

கேஷவ் அவளுடைய அண்ணன். போன மழைக்காலத்தில் பைக்கில் கிளம்பியவன் பிணமாகத்தான் வீடு வந்தான். பெற்ற மனம், ஏதோ புலம்பட்டும் என்று ஸ்ரீரஞ்சனி தலையாட்டினாள்.

“ஏன்டி, அவனுக்கு இடது புருவத்துலதானே தழும்பு? இப்ப ரெண்டுலயும் இருக்கே?”

ஸ்ரீரஞ்சனி சட்டென்று தன் அறைப் பக்கம் திரும்பினாள்.

வீடியோ கேம்களுக்கு உருவம் செய்யும் படிப்பு அவளுடையது. பொம்மை செய்யக்கூடவா காலேஜ் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்த வாய்களை ஒரு வேலை வாங்கி அடைப்பது என்று அவளுக்கு வைராக்கியம். மகர்பட்டாவில் ஒரு கேம் ஸ்டூடியோ நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. அங்கே காட்டுவதற்காக அண்ணனின் முகத்தைக் கணினியில் செதுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா தாங்கமாட்டாள் என்று அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை.

முகம் செதுக்கும்போது ஒரு பாதியைச் செய்தால் போதும், மறுபாதியைக் கணினியே அச்சு அசலாகச் செய்துவிடும். மச்சமோ தழும்போ வைக்கும் முன் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அறைக்குள் ஓடித் திரையைப் பார்த்தாள்.

இரண்டு புருவத்திலும் தழும்பு.

பின்னால் நனைந்த ரெயின்கோட்டின் வாடை அடித்தது.

வெளியே மழையில்லை.

திரும்பினாள். கதவோரம் கேஷவ் நின்றான். வலது புருவத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான், தன்னுடையதல்லாத ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

“அண்ணா...”

அவள் திரையில் வலது தழும்பை அழித்தாள். மறுபடி பார்த்தபோது கதவோரம் யாருமில்லை. அவள் அழுதாள். பயத்தில் பாதி, அவனைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் பாதி.

அதன்பின் சாயங்காலம் தவறாமல் வந்தான். அம்மா கடைகண்ணிக்குப் போவதை விட்டாள், சோறு தண்ணியை விட்டாள். கதவைத் திறந்துபோட்டு அங்கேயே உட்கார்ந்து எலும்பும் தோலுமானாள். இப்படியே போனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவான் என்று ஸ்ரீரஞ்சனிக்குப் புரிந்துவிட்டது. முகம் இருப்பதால்தானே வருகிறான் என்று, நேர்முகத்துக்கு முதல்நாள், தான் செய்ததிலேயே சிறந்த அந்த முகத்தை முழுவதுமாக அழித்தாள். “மன்னிச்சுக்கோண்ணா” என்று வாய்விட்டுச் சொன்னாள். வேலை போனால் போகட்டும், அம்மாவாவது மிஞ்சட்டும்.

மறுநாள் நேர்முகத்தில் காட்ட ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தாள். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“வந்திருக்கான்டி,” என்று கிசுகிசுத்தாள். “சட்டை அவனோடதுதான். பிடிச்சுப் பார்த்தேன், கையும் அவன் கைதான்.”

“அப்புறம்?”

“முகத்தைத் தடவினேன். கண்ணு இல்ல, மூக்கு இல்ல. ஒண்ணுமே இல்லடி.” அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டாள். “புள்ளைக்கு என்ன வேணும்னு தெரியல. உன் ரூமையே கைகாட்டுறான்.”

உள்ளே, கணினி முன்னால் நாற்காலி மெல்ல நகர்ந்தது.

யாரோ அதில் உட்கார்ந்தார்கள்.