மீதியைப் பார்க்க சந்தா கட்டவும்!

"ஐயோ... காப்பாத்துங்க!"

அலறல் கைப்பேசியிலிருந்து வந்தது!

தானா ராத்தா மலை நகரின் போலீஸ் நிலையத்தில் சார்ஜன் அதீரா, வாயருகே கொண்டுபோன ரொட்டிச் சானாயை அப்படியே தட்டில் போட்டாள். இந்தக் குற்றவாளிகளுக்கு ஒரு மனுஷி நிம்மதியாகப் பசியாறுவது பொறுக்கவே பொறுக்காது!

எதிரே மோகனா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

அவள் நீட்டிய திரையில் அவள் புருஷன் குணாளன். நாற்காலியில் கட்டப்பட்டு!

பின்னால் சுவரில் தொப்பி போட்ட ஒரு நிழல்.

குணாளனின் தலைக்கு மேலே ஒரு கத்தி. அது மெல்ல இறங்கியது... இறங்கியது... கழுத்தைத் தொட்டது...

படக்!

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் முளைத்தன.

'மீதியைப் பார்க்க சந்தா கட்டவும். மாதம் பத்து வெள்ளி மட்டுமே!'

"அலாமாக்! கழுத்தறுக்குறதுக்குமா சந்தா?"

"வெளையாடாதீங்க மேடம்! என் வூட்டுக்காரரக் கொன்னுருவாங்க!" மோகனா பொத்திய கையைத் திறந்தாள். தாலிச் சங்கிலி. "இத அடகு வெச்சு நானே கட்டிர்றேன். அவரு உசுரோட வந்தா போதும்..."

"மொதல்ல அதக் கழுத்துல போடுங்கக்கா. புருஷன் இன்னும் இருக்காரு."

அந்தப் புருஷனைப் பற்றி இரண்டு வார்த்தை. குணாளன், திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டியவன். ஒருநாள் சாவியை முதலாளியிடம் வீசிவிட்டு, 'மலைக்காட்டு குணா' என்று வீடியோ போட ஆரம்பித்தான். 'தோள்கொடு' என்று ஓர் இணையத்தளம். ரசிகர்கள் அதில் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். தளம் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை அவனுக்கு அனுப்பும். ரசிகர்கள் தோள் கொடுப்பார்கள், நாம் ஏறி உட்காரலாம் என்பது ஐயாவின் திட்டம்!

"கடத்துனவன் என்னா கேக்குறான்?"

மோகனா திரையைத் தள்ளிக் காட்டினாள். அதீரா உரக்கப் படித்தாள்.

'நாங்கள் கோலாலம்பூர் கருஞ்சிறுத்தைக் கும்பல்! ஆயிரம் புதுச் சந்தா சேர வேண்டும். இன்றைக்குக் கொழுந்து நிறுப்பதற்குள்! இல்லையென்றால் குணா காலி! முக்கியக் குறிப்பு: ஆப் வழியாகச் சேராதீர்கள். நூற்றுக்கு முப்பது கமிஷனாக அங்கேயே போய்விடும். ப்ரவுசர் வழியாகவே சேரவும்.'

இரண்டாம் முறையும் படித்தாள். புருவம் மேலே போனது.

"அக்கா... கே.எல். சிறுத்தைக்கு இங்க கொழுந்து எப்ப நிறுப்பாங்கன்னு எப்புடித் தெரியும்?"

மோகனாவின் விசும்பல் நின்றது.

"கே.எல்.காரன்னா நாலு மணிக்குள்ளன்னு சொல்லுவான்லா. கொழுந்து நிறுக்குறத வெச்சுக் கெடு சொல்றவன் தோட்டத்துல பொறந்தவன். சரி, அது கெடக்கட்டும். முப்பது போயிரும்னு அழுவுறானே... அது யாரு காசு?"

"அவரு... காசு."

"அதுக்குக் கடத்துனவனுக்கு ஏன் வயிறு வலிக்குது?"

மூக்கிலிருந்த சிவப்பு மோகனாவின் கண்ணுக்கு ஏறியது.

"மேடம், அவரு வீடியோ ஏத்துறதுக்கு லைன் வேணும். எங்க லைன் வூட்டுல லைனே கெடைக்காது. தோட்டத்துல ஒரே எடத்துலதான் கெடைக்கும். மேட்டுல இருக்குற பழைய ஒர ஸ்டோரு!"

போலீஸ் ஜீப் பறந்தது. பறந்தது என்றால், ஸ்ட்ராபெரி வாங்க வந்த சுற்றுலாக் கூட்டத்தின் பின்னால் ஊர்ந்து, தோட்டத்து மண்சாலையில் திரும்பிய பிறகு பறந்தது!

உர ஸ்டோர். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஐயோ... அம்மா!"

உள்ளே அலறல். தொடர்ந்து தடால்! அப்புறம் சத்தமே இல்லை.

"என்னங்க!" மோகனா கதவில் மோதினாள். ஒருவேளை நிஜமாகவே கடத்தலோ... அதீரா துப்பாக்கியை உருவினாள். ஒரே உதை!

கதவு பிளந்தது.

தொப்பி போட்ட ஆசாமி அசையாமல் நின்றான். மண்வெட்டிக் காம்பில் மாட்டிய மழைக்கோட்டு! அதன் தலையில் ஓட்டைத் தொப்பி. உத்தரத்திலிருந்து கயிற்றில் கத்தி தொங்கியது. கயிற்றின் மறுமுனை, நாற்காலியோடு குப்புற விழுந்து கிடந்த குணாளனின் கால் கட்டைவிரலில்!

"காலு... சுளுக்கிக்கிச்சு மேடம்..."

"சிறுத்தைங்க எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க..."

"யோவ்!" என்றாள் மோகனா. கல்யாணமானதிலிருந்து புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. குணாளன் நாற்காலியோடு சுருண்டான்.

"வேற வழி தெரியல புள்ள! பாக்குறவன் பத்தாயிரம் பேரு. காசு கட்டுறவன் பதினஞ்சு பேரு. லைக்க வெச்சு அரிசி வாங்க முடியுமா? ஒரே ஒருத்தவங்கதான் மாசம் ஐந்நூறு வெள்ளி போட்டாங்க. பேரு 'பனித்துளி'. அதுலதான் நான் வூட்டுச் செலவுக்கே குடுத்தேன். போன மாசம் அவங்களும் நிறுத்திட்டாங்க. திரும்ப லோரி ஓட்டப் போனா, துரையிலேர்ந்து கங்காணி வரைக்கும் சிரிப்பாங்கடி..."

அவன் நிஜமாகவே அழுதான். அதீராவுக்கே பாவமாக இருந்தது.

மோகனா தரையைப் பார்த்தாள்.

"நாந்தாங்க பனித்துளி."

"என்னா?!"

"யாரும் கட்டலன்னு நீங்க மூஞ்சியத் தொங்கப்போட்டு ஒக்காந்திருந்தத என்னால பாக்க முடியல. என் சம்பளத்துலேர்ந்துதான் போட்டேன்."

"அப்புறம் ஏண்டி நிறுத்துன?"

"லைவ்ல என்னா சொன்னீங்க? 'வூட்டுல இருக்குறவளுக்கு என் அருமை தெரியல, பனித்துளிக்குத்தான் தெரியும்'னு முத்தம் வேற பறக்கவிட்டீங்க! எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. அந்தச் சிறுக்கிக்கு நான் ஏன் மாசாமாசம் அழுவணும்?"

"அந்தச் சிறுக்கியே நீதானேடி!"

"இருந்தாலும்!"

அதீரா துப்பாக்கியை உறைக்குள் சொருகினாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்ப அக்கா சம்பளம் தோள்கொடுவுக்குப் போயி, அங்கேருந்து ஒங்கிட்ட வந்து, திரும்ப அக்கா அடுப்படிக்கே வந்திருக்கு. ஒங்க வூட்டுலேர்ந்து ஒங்க வூட்டுக்கு வர டோல் கட்டிருக்கீங்கலா!"



குணாளன் மெல்ல வாய் திறந்தான். "மேடம்... அப்ப கடத்தல் கேஸு இல்லதானே?"

"ஏன் இல்ல? தோள்கொடுக்காரன் ஒங்க காச மாசாமாசம் கடத்திருக்கான்லா... ரசீதோட!"