நூம்பல் பரந்தாமனின் ஜெர்மன் கார்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகித் திரும்பிய வருஷம். யுத்தத்தால் பழைய இரும்புக்கு ஏகக் கிராக்கி. பூந்தமல்லியில் ஷேக் தாவூத் கடை என்றால் என் கடைதான். நூம்பலில் ஓடாமல் கிடந்த ஒரு ஜெர்மன் காரை இழுத்துவர, நாகப்பனின் மாட்டுவண்டியில் கிளம்பினேன். மழை விட்டிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

காரின் சொந்தக்காரன் பரந்தாமன், வாடகைக்கு ஓட்டியவன். எழுபதாயிரம் மைல் ஓட்டித் தேய்த்த ஒரு துரை, கப்பலேறும்போது அதை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். ஒரு மாதம் கியர், மறுமாதம் ரேடியேட்டர். அவன் மனைவி தாட்சாயிணியின் கம்மலும் வளையலும் அந்தக் காருக்குள்தான் போயின. யுத்தம் வந்ததும் ஜெர்மனிச் சாமான்கள் நின்றன. எஞ்சினில் ஒரு தோல் வளையம் தேய்ந்தபோது, பழைய செருப்பை அறுத்து மாட்டினான்.

விற்றுத் தொலை என்று நானே சொல்லியிருக்கிறேன். "இத்தினி செலவு பண்ணிட்டேன் பாய், இனிமே ஓடும்" என்பான்.

அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். முன்னால் நின்று அவன் ஹேண்டில் சுற்றுவான். ஸ்டீயரிங்கில் இருக்கும் சின்னப் பித்தளைக் கம்பியைத் தாட்சாயிணி கீழே அழுத்திப் பிடிப்பாள். விட்டால் கம்பி மேலே ஏறிக்கொள்ளும்; ஹேண்டில் திருப்பி அடித்து அவன் மணிக்கட்டை முறிக்கும். அவள் ஒருநாளும் விட்டதில்லை.

போன ஐப்பசியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனான். வேலப்பன்சாவடி தாண்டியதும் செருப்புத் தோல் கிழிந்தது. வேறு துண்டை மாட்டினான். வலியோடு அவளே முன்சீட்டுக்கு ஏறிக் கம்பியைப் பிடித்தாள். அந்த வழியாக வந்த நாகப்பன் தன் வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

"இன்னும் ஒரே சுத்து, கெளம்பிடும்" என்று அவரை அனுப்பிவிட்டான் பரந்தாமன்.

இருட்டும்வரை சுற்றினான். உயிர் போனபின், அவள் விரல்களைப் பிரித்துத்தான் கம்பியிலிருந்து எடுத்தார்களாம். பிள்ளையும் வெளிச்சம் பார்க்கவில்லை. நாகப்பன் இதைச் சொல்லி முடித்தபோது, வண்டி பரந்தாமனின் கார் கொட்டகைக்கு வந்துவிட்டது.

கொட்டகைக்குள் ஈர வைக்கோல் வாடை. கிரீஸ் வாடை. அதற்கும் அடியில், தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெயின் வாடை.

கார் கதவைத் திறந்தேன். பித்தளைக் கம்பி கீழே இருந்தது. மேலே தள்ளிவிட்டு, கயிறு கட்டக் குனிந்தேன்.

டக்.

கம்பி கீழே இறங்கியிருந்தது.

மறுபடி தள்ளினேன். கண்ணெதிரே இறங்கியது.

டக்.

"தொடாதே பாய்." பின்னால் பரந்தாமன் நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். "அவ புடிச்சிகினு கீறா."

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காந்தப்பெட்டியை எப்போதோ கழற்றிவிட்டானாம். டாங்கியில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. ஆனாலும் தினமும் வந்து ஹேண்டில் சுற்றுகிறான். அவள் காத்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் போவது என்றான். காரை எனக்கு விற்பதே அவளை எப்படியாவது இறக்கிவிடத்தான்.

நாகப்பனின் வண்டியைக் கார் கதவை ஒட்டி நிறுத்தச் சொன்னான். வைக்கோலைப் பரப்பி, அவளுடைய புடவையை அதன்மேல் விரித்தான். மாடுகள் மிரண்டு பின்வாங்கின.

"எறங்கு தாட்சா. நாகப்பன் வண்டி வந்துகீது. இது ஓடாது. எப்பவுமே ஓடாது. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

கம்பி நடுங்கியது. மெல்ல மேலே ஏறியது.

பாதியில் நின்றது.

யாருமில்லாத முன்சீட்டிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல்.

"இன்னும் ஒரே சுத்து மாமா. கெளம்பிடும்."

டக்.

பரந்தாமன் அப்படியே உட்கார்ந்து அழுதான். இரும்பு வியாபாரி நான். கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கியவன். நானும் அழுதேன். பிறகு அவன் எழுந்து, மூலையில் கிடந்த ஹேண்டிலை எடுத்துக் காருக்கு முன்னால் போனான்.

வெறும் வண்டியோடுதான் திரும்பினோம். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டே சுற்றிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டு முறிந்துவிடக் கூடாதே என்று, கம்பி கீழேயே இருந்தது.