மூங்கில் சுறாவின் பொறுமை

அன்று மழை பெய்ததாகத்தான் என் நினைவு. மீன் விற்கும் சஹ்னிம் இல்லை என்கிறாள். அவளுக்குப் பக்கத்தில்தான் காப்பி விற்றுக்கொண்டிருந்தேன்... ஆனாலும் என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

எங்கள் தீவின் தஞ்சோங் லுவார் மீன்துறையில் கொம்பன் சுறாக்களும் புலிச்சுறாக்களும் வரிசையாகக் கிடந்தன. அவற்றை நாடாவால் அளந்துகொண்டே பின்னால் நகர்ந்த, ஜாவாவிலிருந்து வந்திருந்த சுறா ஆய்வாளன் பீமோ, சஹ்னிமின் மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டான்.

“ஜாவாக்காரரே, செத்த சுறாவுக்குச் சட்டையா தைக்கப்போறீங்க?”

நிமிர்ந்தான். அவள் கண்களில் சிரிப்பு... எடுத்த அளவை மறந்துபோனான்.

சிதறிய மீன்களுக்கிடையே ஒரு பழுப்புப் பை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே ஒரு குஞ்சு வாலை ஆட்டியது.

“மூங்கில் சுறா முட்டை. கொம்பன் குட்டி போடும், இது முட்டையிடும். ஆணைப் பிரிஞ்சு நாலு வருஷமானாலும், அவன் குடுத்த உயிரை உள்ளுக்குள்ளேயே வச்சிருந்து முட்டையிடுமாம்.”

“நாலு வருஷமா? எனக்கு நாலு நாள் தாங்காதுப்பா!”

அதன்பின் தினமும் என் கடையில் காப்பி குடித்தான், அவளைப் பார்த்தபடி. மூன்றாம் மாதம் அவளே சொன்னாள்: “வெள்ளிக்கிழமை ராத்திரி பின்வாசல்ல தாழ்ப்பாள் போடமாட்டேன்.”

எங்கள் சசாக் இனத்தின் கல்யாண வழக்கம் அது. விரும்பியவன் பெண்ணை அவள் சம்மதத்தோடு இரவில் தூக்கிப்போவான்; பெரியவர்கள் பேச்சு பிறகுதான். நேரில் போய்ப் பெண் கேட்பது அந்த வீட்டுக்கே இழிவு.

“நான் திருடனில்ல, சஹ்னிம். முன்வாசல்லயே வர்றேன்.”

விளையாட்டு என்று நினைத்தாள். வெள்ளி காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாழைத்தாரோடு, அவள் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்டான்.

“என் பொண்ணு என்ன கோழிக்குஞ்சாடா, கேட்டு வாங்கிட்டுப் போக?” அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

‘இன்னிக்கு ராத்திரியாவது வரச்சொல்லு’ என்று என்னிடம் சொல்லியனுப்பினாள். சொன்னேன். காப்பியைத் தள்ளிவைத்தான்.

“அவமானப்பட்ட வீட்டுக்கு மறுபடி எப்படிம்மா...”

திங்களன்று ஜாவாவுக்குக் கப்பலேறினான்.

நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். இடையில் அவளுக்குக் கல்யாணமாகி, கையில் பச்சைக்குழந்தை.

“நான் பின்வாசலுக்கே வந்திருக்கணும். என் மனசுல இன்னும் நீதான்...”

“எனக்கும் நீங்கதான். மூணு வருஷம் தாழ்ப்பாள் போடல. காத்துல கதவு அடிச்சா, நீங்கதான்னு எழுந்து ஓடுவேன்... அந்தச் சுறாவோட பொறுமையில எனக்கு ஒரு வருஷம் குறைஞ்சுபோச்சு.”

பிறகு, போய்விட்டான்.

அவள் அப்பா அடுத்த ஆண்டு இறந்தார். சஹ்னிமுக்கு இப்போது மூன்று பிள்ளைகள், கணவன் நல்லவன். பீமோ ஜாவாவில் தனியாக இருக்கிறான். நான் அதே இடத்தில் காப்பி விற்கிறேன்.