மாறி விழுந்த திருவுளச்சீட்டு

மருதனார்மடம் சந்தியில் மழை திடீரெனக் கொட்டத் தொடங்கியது. மரக்கறிக் கடையோரம் ஒதுங்கிய தாரிகாவின் நீலச் சேலையில், அவசரமாக வந்து நின்ற மோட்டார் சைக்கிள் சேற்றை வாரி இறைத்தது.

"ஐயோ... மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

மழைத்துளி தங்கிய இமைகளுக்கிடையே அந்த இளைஞனின் கண்கள்... கோபிக்க நிமிர்ந்தவள் ஒரு கணம் கோபத்தை மறந்தாள். அவனது பையிலிருந்த காப்புறுதி நிறுவனத்தின் சின்னம் அதை மீட்டுத் தந்தது.

"இன்சூரன்ஸ்காரரோ? சனத்தைப் பயப்பிடுத்திக் கையெழுத்து வாங்கிற ஆக்கள்!"

"நீங்கள்?"

"அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி."

"ஓ... விடியக் காலமை நாலு மணிக்கே சனத்தை வரிசையிலை நிப்பாட்டிற ஆக்கள்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டாள் தாரிகா.

அரைமணி நேரத்தின் பின், வாசிகசாலை மண்டபத்தில் பட்டிமன்றம். 'மக்களைக் காப்பது இலவச மருத்துவமா, தனியார் காப்புறுதியா?' பேச வந்திருந்த தாரிகாவுக்கு எதிரே அமர்ந்திருந்தவன்... அவனேதான்! கோகுலன் என்று அறிமுகம் செய்தார் நடுவர் முத்துக்குமாரு.

அவ்வூர் வழக்கப்படி யாருக்கு எந்த அணி என்பது மேடையில் திருவுளச்சீட்டினால் தீர்மானமாகும். சீட்டு விரிந்தது. தாதிக்குக் காப்புறுதி, காப்புறுதிக்காரனுக்கு இலவச மருத்துவம்! சபை கைகொட்டிச் சிரித்தது.

கோகுலன் சிரிக்கவில்லை. அவனது பதவி உயர்வைத் தீர்மானிக்கும் முகாமையாளர் முன்வரிசையில் வீற்றிருந்தார். ஒப்புக்குப் பேசிவிட்டு இறங்கினால் போதும்...

"தோக்கிறதுக்கெண்டே கதைக்கப்போறியள் போலை," எனத் தாரிகா மெல்லச் சீண்டினாள்.

அவன் எழுந்தான். முன்வரிசையைப் பார்க்காமல் ஒலிவாங்கியைப் பற்றினான்.

"போன வருஷம் என்ரை அம்மாவுக்கு நெஞ்சு நோ. நான் விக்கிற காப்புறுதி, அவவின்ரை வயசுக்குத் தரேலாதெண்டு சொல்லிப்போட்டுது. அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டும் கேக்கேல்லை... கட்டில் இல்லாமல் நிலத்திலைதான் படுத்தவ. ஆனா உயிரோடை வீட்டை வந்தவ."

முகாமையாளர் எழுந்து வெளியேறினார்.

தாரிகாவின் முறை வந்தது. உண்மைக்கு உண்மைதானே பதில்?

"எங்கடை ஆஸ்பத்திரியின்ரை நாலு மணி வரிசையிலை மயங்கி விழுந்த ஆக்களை நான் தூக்கியிருக்கிறன். அதுக்குப் பயந்து ஒருத்தர் காப்புறுதி எடுத்தால்... அவரிலை பிழையில்லை."

இருவரையும் பார்த்த நடுவர் தீர்ப்புச் சொல்லத் தடுமாறினார்.

வாசலில் இன்னும் மழை.

"எழும்பிப் போனவர் உங்கடை முகாமையாளரோ?" தாரிகா கேட்டாள்.

"ஓம். பதவி உயர்வு போயிட்டுது எண்டுதான் நினைக்கிறன்."

"கவலையில்லையோ?"

"இருக்கு. ஆனா நீங்கள் என்னைத் திரும்பிப் பாத்தியள்... அது காணும்."

தாரிகாவின் கன்னங்கள் சிவந்தன. "ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலைதான் நிப்பார். வந்து கேளுங்கோ."

"என்னத்தை?"

"என்னைத்தான்!"