செல்லத்தாய் டாட் இன்

ஆடி மழைக்கு ஒதுங்கிய கூட்டம் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அருணாதேவி ஒதுங்க வந்தவள் இல்லை. அவள் ஊர் திருத்தங்கலில் கரண்ட் இல்லை. அவளுக்கோ இன்றைக்கே ஓர் இணைய முகவரி பதிந்தாக வேண்டும்.

'செல்லத்தாய்' என்று தட்டினாள். டாட் காம் எப்போதோ போயிருந்தது. டாட் இன் காலியாக இருந்தது... அப்பாடா! ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்து, பைக்குள் துழாவிக் கார்டை எடுத்து, எண்களை நிதானமாக அடித்து, பட்டனை அழுத்தினாள்.

இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

"எவன்லே அது!"

பக்கத்து நாற்காலிக்காரன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "நான்தாங்க... ரெண்டு நிமிசந்தான் ஆச்சு."

இமைகளில் இன்னும் மழைத்துளி. அந்தக் கண்களில் கள்ளமே இல்லை... அதுதான் அவளுக்குக் கூடுதல் கோபம்.

"அது எங்க பேருங்க! செல்லத்தாய் காலண்டர்ஸ். ரெண்டாயிரம் ஆல்பம் அட்டையில அடிச்சு வச்சிருக்கோம்."

"பதியுறதுக்கு முன்னாடியே அச்சடிச்சுட்டீகளா?"

"எங்களுக்கு அச்சுதான் முதல்ல."

அவன் சிரித்துவிட்டான். பெயர் விக்னேஷ்வரன். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் செல்லத்தாய் லேபிள்ஸ் அவனுடையது. "வேணும்னா உங்க பேருக்கே மாத்திக் கொடுத்துர்றேன்."

"உங்க தயவு வேண்டாம்."

எழுந்துவிட்டாள். அவன் அவசரமாகக் கேட்டான்: "ஒண்ணே ஒண்ணுங்க... செல்லத்தாய் உங்களுக்கும் குலசாமியா?"

"இல்ல. எங்க அம்மா பேரு. ஏன்?"

"சும்மா..." என்றான். முகம் மட்டும் சும்மா இல்லை. அப்படி ஒரு நிம்மதி அதில்.

ஸ்கூட்டி திருத்தங்கலை நெருங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே குலசாமி என்றால் பங்காளி முறை. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது...

அடப்பாவி!

ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தாள். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது.

சிரிப்பு பிரஸ் வாசல் வரைதான். ஆடிப் பதினெட்டுக்கு நான்கே நாள். அன்றைக்குத்தான் புது வருட காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஊர் ஊராக ஏஜெண்டுகள் வந்து, அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அப்பா முதன்முறையாக அவள் பொறுப்பில் விட்ட ஆல்பம். அதன் அட்டையிலேயே அடுத்தவன் முகவரி! வேறு முகவரியை ஸ்டிக்கராக அடித்து ஒட்டலாம் என்று கேட்ட இடமெல்லாம் தீபாவளி லோடு, முடியாது என்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு லேபிள் பிரஸ்.

ஒரு நாள் முழுக்கத் தன்னோடு மல்லுக்கட்டினாள். தயவு வேண்டாம் என்று சொன்ன வாயால் போய்க் கேட்பதா? ஆர்டர் கொடுப்பது தயவாகாதே... மனசு எவ்வளவு சுளுவாக வழி கண்டுபிடித்துக்கொள்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் தன் பிரஸ்ஸில் விக்னேஷ்வரன் ஸ்டிக்கர் மாதிரியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அடிக்க மாட்டேங்க."

"சீசன் லோடா?"

"எங்க குலசாமி பேரை மறைக்க நானே ஸ்டிக்கர் அடிக்கவா? ஆத்தா சும்மா விடுமா?" மேஜைக் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். "இதைப் பாருங்க."

செல்லத்தாய் டாட் இன். பக்கம் திறந்ததும் இரண்டு கதவுகள். ஒன்றில் காலண்டர்ஸ், மற்றதில் லேபிள்ஸ்.

"இனாம் இல்லீங்க. பாதிப் பாதி. இப்ப ஒரு வருசத்துக்குத்தான் பதிஞ்சிருக்கேன். ஒத்து வரலைன்னா அடுத்த ஆடியில விட்டுருவோம்." ஒரு லேபிளின் வெள்ளைப் பின்புறத்தில் பாஸ்வேர்டை எழுதி நீட்டினான்.

பேசிய நேரமெல்லாம் சேர்த்தால் அரை மணி வராது. அதற்குள் சாவியைக் கொடுக்கிறானே... ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆடிப் பதினெட்டு. ஓசூர் ஏஜெண்ட் அட்டையைப் பார்த்து அங்கேயே போனில் தட்டினார். பக்கம் திறந்தது. "லேபிளும் உங்க கம்பெனிதானாம்மா?"

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "பாதி" என்றாள், தலைநிமிர்ந்து.

சாயங்காலம் முதல் ஆல்பத்தோடு அவன் பிரஸ்ஸில் போய் நின்றாள். மெஷின் சத்தத்தில் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினான்.

"மிச்சம் ஒம்பது வருசத்துக்கும் நான் புதுப்பிச்சுட்டேன்னு சொன்னேன். பத்து வருசத்துக்கு மேல விட மாட்டேங்குறாக."

அவன் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கண்கள் மட்டும் அன்றைய மழை போலப் பளபளத்தன. "பத்து... போதுமாங்க?"

"போதாது. அப்புறமும் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து புதுப்பிப்போம்." மூச்சு வாங்கியது. பரவாயில்லை, சொல்லிவிடலாம். "அன்னைக்குக் குலசாமி ஏன் கேட்டீகன்னு எனக்குத் தெரியும். வீட்லயும் விசாரிச்சுட்டேன். எங்க சாமி வேற, உங்க சாமி வேற."

"அப்போ..."

"அப்பா நாளைக்குக் காலையில பிரஸ்ல இருப்பாரு. வாங்க. சாப்பிடாம வாங்க."