கஞ்சித் தொட்டி ஏட்டில் இல்லாத பேர்

சார்வரி வருஷம் ஆடி பத்தாம் தேதி, சாரலில் நனைந்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி ஒன்று எங்கள் ராஜபாளையம் வாசகசாலை வாசலில் வந்து நின்றது. அபுபக்கர் ராவுத்தர் இறங்கினார். குடையைத் தனக்குப் பிடிக்காமல் கையிலிருந்த துணி மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார் மனுஷன்.

"கெடச்சிருச்சு அண்ணாச்சி," என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது, "எத்தனை நாளைக்கு?" என்பதுதான்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும்."

"எட்டு நாளா? விளையாடுதீராவே?"

என் பேர் சங்கையா. ராஜபாளையம் வாசகசாலையின் புத்தகங்களுக்கு நான் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகசாலைக்கு ராவுத்தர் பொறுப்பு. இரண்டு ஊர்ச் சரித்திரத்தையும் ஒரே புத்தகமாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். கல்லில் நார் உரிக்கிற வேலை. தன் பாட்டனார் புலியடித்த கதையைச் சொல்ல ஆள் உண்டு. தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றி வாயைத் திறக்க ஒரு ஆள் கிடையாது. அப்போதைக்கு இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தி ஊர் ஊராகச் செத்தார்கள், கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குவே?" என்று கதவைச் சாத்தினார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு, சரித்திரமும் வேண்டாம் சாத்திரமும் வேண்டாம் என்று பலமுறை தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு ஏடு இருந்தது. பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிக்குக் கணக்கராக இருந்த சிவனாண்டி என்பவர், அங்கே செத்தவர்களின் பேரையும் ஊரையும் எழுதி வைத்த ஏடு. அது அவர் மகள் முத்தாத்தாள் வீட்டில் கிடந்தது. அதை ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று சாகும்போது அவர் சொல்லியிருந்தாராம். எந்தப் பழைய ஏட்டையும் படியெடுத்த பிறகு ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது வழக்கம்தான். படியெடுக்காமல் விடுவதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. ராவுத்தர் பதினாலு தடவை அந்தம்மா வாசலில் போய் நின்று வாங்கி வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கஞ்சித் தொட்டி இருந்தது எங்கள் வாசகசாலைக் கட்டடத்தில்தான். பழைய தானியக் கிடங்கு. வேறு யாரும் கேட்காததால் எங்களுக்குக் கிடைத்தது. வடக்குச் சுவரில் அடுப்புக் கரி ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் ஒரு வாரத்தில் கரி மேலே வந்துவிடும்.

மறுநாளே உட்கார்ந்தோம். ராவுத்தர் பனையேட்டில் எழுத்துத் தெரிய விளக்குக் கரி தடவித் துடைத்து ஒரு வரி வாசிப்பார். நான் எழுதி முடித்ததும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வேன். அது காதில் விழுந்தால்தான் அவர் அடுத்த வரிக்குப் போவார். நான் தலையை நிமிர்த்தவே வேண்டியதில்லை.

ஆனால் என் வாசகசாலையில் ஒரு சட்டம் உண்டு; அதற்காக மட்டும் நிமிர்வேன். உள்ளே வருகிற எவரும் முதலில் வாசல் மேஜையில் இருக்கும் பதிவேட்டில் பேர் எழுத வேண்டும். எழுதத் தெரியாமல், பத்திரிகை வாசிக்கக் கேட்க வருகிறவர்கள், மையில் தொட்டுக் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். பேர் எழுதாதவனுக்குப் பத்திரிகை கிடையாது. எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் சரி.

பன்னிரண்டாம் தேதி மாலை ஒப்புப் பார்த்தோம். அவர் ஏட்டைப் பார்த்து வாசிக்க, நான் நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

"நிறுத்தும்," என்றேன். "ஒண்ணை விட்டுட்டீரே. கூமாப்பட்டி மாடத்தி, கைப்பிள்ளையோடு."

"அப்படி ஒரு பேர் இதுல இல்லையே அண்ணாச்சி."

"நீர் வாசிச்சீர், நான் எழுதினேன்."

"நான் வாசிக்கவேயில்ல. நீங்கதான் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பிய."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷமாக எழுதுகிற கை இது. ஆனாலும் ஏட்டில் இல்லை என்றால் இல்லை. சிவப்பு மையைத் தொட்டு அந்த வரியை அடித்தேன்.

பதினாலாம் தேதி அதே பேர் வேறொரு பக்கத்தில் வந்தது. என் கையெழுத்தேதான். ராவுத்தர் வேண்டுமென்றே வாசித்து என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக் கத்தினேன். "அல்லா மேல ஆணையா இல்ல," என்றார் அவர், முகம் வெளுத்துப்போய். இரண்டாவது முறையும் சிவப்புக் கோடு போட்டேன். கோடு போட்ட கையோடு ஒரு வாடை வந்தது.

கஞ்சி அடிப்பிடித்த வாடை.

தெருவில் இறங்கிப் பார்த்தேன். சுற்றுவட்டத்தில் எங்கும் அடுப்புப் புகையவில்லை.

பதினாறாம் தேதி உச்சி வேளை. ஆடிக் காற்று கதவைப் போட்டு அடித்தது. எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து குனிந்தேன். இன்னும் இரண்டே நாள், நூறு பேருக்கு மேல் பாக்கி. ராவுத்தர் நடுவில் என்னவோ சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு மையைத் தொட்டேன்.

"வத்திராயிருப்பு கருப்பாயி."

"கருப்பாயி," என்றேன்.

"சேத்தூர் இருளப்பன்."

"இருளப்பன்."

குரல் கம்மியிருந்தது. பாவம், அஞ்சு நாளாக வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன். "செத்த சத்தமா வாசியும்வே," என்றேன்.

சத்தம் கூடவில்லை. கிட்டத்தில் வந்தது.

"கூமாப்பட்டி மாடத்தி."

கை எழுதியது. "மாடத்தி," என்று வாய் சொன்னது.

"கைப்பிள்ளையோடு."

பானையின் அடியை அகப்பையால் சுரண்டுகிற சத்தம் எனக்குப் பின்னால், கரிச்சுவர்ப் பக்கம் கேட்டது. கழுத்தில் யாரோ விடுகிற மூச்சு பட்டது. அதில் ஈரமே இல்லை.

கதவு திறந்தது. ராவுத்தர் கால் கழுவிய ஈரத்தோடு வாசலில் நின்றார்.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கிய அண்ணாச்சி?"

"நீர்... எங்க போனீர்?"

"லுஹர் தொழுகைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான போனேன். நீங்களும் தலைய ஆட்டுனியளே."

ஏட்டைப் பார்த்தேன். அவர் கட்டி வைத்துவிட்டுப் போன கயிறு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். கருப்பாயி இருந்தாள், இருளப்பன் இருந்தார், சரியான வரிசையில். மாடத்தி இல்லை.

அன்றைக்கு மேல் ராவுத்தர் என்னை விட்டு நகரவில்லை. தொழுகையை என் பக்கத்திலேயே பாய் விரித்துத் தொழுதார். நான் பயத்தை எரிச்சலாக்கிக்கொண்டு எழுதித் தள்ளினேன். பதினேழாம் தேதி மாலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் நோட்டில் ஏறிவிட்டார்கள்.

ஏட்டை வாங்கிப்போக முத்தாத்தாள் வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "கஞ்சி காச்சுறியளா?"

நானும் ராவுத்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நோட்டைத் திறந்து அந்தப் பேரைப் படித்துக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாடத்தியா அவ பேரு?" என்றாள். கரிச்சுவரைப் பார்த்தபடியே மற்றதைச் சொன்னாள். "பேர் சொன்னாத்தான் கஞ்சின்னு அப்பச் சட்டம் ஐயா. கைப்பிள்ளையோட ஒருத்தி வந்தா. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல. பேர் சொல்ல முடியலைன்னா பின்னால போய் நில்லுன்னு எங்கய்யா சொல்லிட்டாரு. மூணு நாள் அப்படியே பின்னால, பின்னால. நாலாம் நாள் அந்தச் செவுத்தோரம் கெடந்தா, பிள்ளையும் கெடந்துச்சு. பேர் தெரியாததால ஏட்டுலயும் எழுதல. சாகுற வரைக்கும் சோத்துல கைய வைக்கும்போதெல்லாம் 'அவ பேர் என்னட்டி, அவ பேர் என்னட்டி'ன்னு எங்கய்யா என்னையக் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"எழுதிருவோம் அண்ணாச்சி," என்றார் ராவுத்தர் மெதுவாக.

"எப்படி எழுதுறது? ஏட்டுல இல்லாத பேரை இன்னைக்கு நான் சேத்தா, நாளைக்கு ஊர்ப் பெரியவன் ஒவ்வொருத்தனும் தன் பாட்டன் பேரைச் சேக்கச் சொல்லுவான். பொறவு இது சரித்திரமா, இல்ல கல்யாணப் பத்திரிகையா? சட்டம்னா சட்டம்தான்."

"எங்கய்யாவும் இதத்தான் சொன்னாரு," என்றாள் முத்தாத்தாள்.

எனக்கு முகம் சுட்டது. இரண்டு வருஷ அலைச்சல், எட்டு நாள் தூக்கமில்லாத கண், இந்தப் பயம், எல்லாம் சேர்ந்து பொங்கியது. பேனாவைச் சிவப்பில் முக்கி மூன்றாவது கோட்டையும் இழுத்தேன். கரிச்சுவரைப் பார்த்து, "உன் பேர் ஏட்டில இல்ல தாயி. போ!" என்று கத்தியும் விட்டேன்.

சுரண்டல் சத்தம் நின்றது.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. முத்தாத்தாளோடு நாங்களும் அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போனோம். மலையில் மழை, தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. அவள் மஞ்சள் தடவிய ஏட்டைத் தண்ணீரில் விட்டாள். ஒரு சுழி சுழன்றது, போய்விட்டது. படி நம்மிடம் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாசகசாலைக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.

வெள்ளைத் தாள்.

புரட்டினேன். அடுத்ததும் வெள்ளை. கடைசிவரை புரட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரு பேர் கிடையாது. மூன்று பக்கங்களில் மட்டும் மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், கூமாப்பட்டி மாடத்தி, கைப்பிள்ளையோடு.

நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு வருஷம் வாசல் வாசலாக நின்று வாங்கியதை என் கையாலேயே தொலைத்துவிட்டேன். ஏடு அந்நேரம் ஆற்றோடு எங்கே போயிருக்குமோ. அந்த முந்நூறு பேரும் இரண்டாம் தரம் செத்தார்கள்.

ராவுத்தர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப ஏடே இல்ல அண்ணாச்சி. எதப் பாத்து ஒப்புப் பாக்கப் போறிய?"

முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் கறுப்பு மையில் அவள் பேரை எழுதினேன். எழுதி முடித்ததும், பழக்கதோஷம், கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னேன்.

"கைப்பிள்ளையோடு."

நல்ல வெயில் நேரம். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"கோட்டையூர் சின்னக்காளை," என்றது குரல்.

ஏட்டின் முதல் பேர் அது.

எழுதினேன். அடுத்ததைச் சொன்னாள். அதற்கு அடுத்ததையும் சொன்னாள். மூன்று நாள் வரிசையில் நின்றவள். பின்னால் போ, பின்னால் போ என்று ஒதுக்கப்பட்டு, கஞ்சி வாங்கப் போன ஒவ்வொருவரும் பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றவள். அதற்கு முன்னும் பின்னும் செத்தவர்கள் பேரெல்லாம் எப்படித் தெரிந்ததோ, அது எனக்குத் தெரியாது. ராவுத்தருக்கு என் குரல் மட்டும்தான் கேட்டதாம். வாடை மட்டும் அவருக்கும் வந்தது. எதிரில் உட்கார்ந்து, ஏட்டை வாசித்த ஞாபகத்தில் ஒவ்வொரு பேருக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நாலு உச்சி வேளைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

கடைசிப் பேரை எழுதிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "பிள்ளைக்குப் பேர் என்ன தாயி?"

பதில் இல்லை. பேர் வைக்கிற வயசுக்கு முன்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள் போல.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு வாசகசாலையிலும் ஒவ்வொரு படி. இரண்டு ஊர்க்காரர்களும் வந்து படிக்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டுப் பேரைக் கண்டு சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போகிறார்கள். முதல் வரி எந்த ஏட்டில் இருந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பேர் எழுதாதவனுக்குப் பத்திரிகை இல்லை என்ற சட்டத்தையும் எடுத்துவிட்டேன். பதிவேடு மட்டும் மேஜையில் கிடக்கிறது, இஷ்டமிருந்தால் எழுதலாம்.

அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று காலை, பூட்டைத் திறந்து உள்ளே போனபோது பதிவேட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. துவரம்பருப்பு அளவு. மை காயவில்லை.

ராவுத்தரை வரவழைத்துக் காட்டினேன். அதற்கடுத்த ஆடியிலும் ரேகை இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புதியது சற்றுப் பெரிது. ஆறு வருஷமாக ஆடிக்கு ஆடி அது வளர்ந்துகொண்டு வந்தது.

இந்த ஆடிப் பதினெட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். கஞ்சி வாடை அடித்தது. பதிவேட்டில் ரேகை இல்லை.

பேர் எழுதுகிற கட்டத்தில், பேனா பிடித்துப் பழகாத கை ஒன்று, கோணல்மாணலாக ஒரே ஒரு எழுத்து எழுதிவிட்டுப் போயிருந்தது. 'அ.'